ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு குரல்

அம்மா இறந்துவிட்டார் என்று எல்லாருக்கும் சொன்னது நான்தான். அதனால்தான் யாரும் நம்பவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம். ஜொகூர் பாரு மருத்துவமனையில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு நான் மட்டும் இருந்தேன். அண்ணன், அக்காமார் ஆறு பேரும் வேலையில். தாதி வந்து திரையை இழுத்து மூடியதும் நடைவழிக்குப் போய் ஒவ்வொருவராக அழைத்தேன். வசந்தா அக்கா, "மீனா, இதுலயுமாடி விளையாடுவ? வந்தேன்னா அறைஞ்சிடுவேன்" என்று போனை வைத்துவிட்டார். ரவி அண்ணன், "நாளைக்குப் பரீட்சையா? மட்டம் போட வேற காரணமே கிடைக்கலையா?" என்றார். அழுதேன். "அழுகை நல்லாப் பழகிட்ட" என்றார். பதினேழு வருடம் நான் போட்ட நாடகங்களுக்கு அன்று ஒரே மதியத்தில் பதில் கிடைத்தது.

முரளி அண்ணன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "நீ உன் சொந்தக் குரல்ல பேசுற. அப்ப நெசந்தான். நான் வரேன்" என்றார். அப்படி அவர் ஏன் சொன்னார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெப்ராவில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், தொழிற்சாலை பஸ்ஸில் அம்மாவோடு இருபது வருடம் இடித்துக்கொண்டு போன அக்காமார்களுக்கும் என் அம்மா சரோஜா யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிகாமட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, லோரி ஓட்டுநருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்பா காலமானார். அதன் பிறகு ஏழு பிள்ளைகள், ஐந்தாம் மாடி, ஒரு சம்பளம். வீட்டில் அறை இரண்டுதான் என்றாலும், ஏழு பேரில் அம்மாவிடம் அறை கிடைக்காதவர் ஒருவரும் இல்லை.

நான் கடைக்குட்டி. எதற்கெடுத்தாலும் கடைக்கு ஓடுகிற குட்டியும் நானே.

அம்மா பார்த்தது இரைச்சலான மெஷின் வேலை. அதனால் குரலைக் குறைக்க அவருக்குத் தெரியாது. சாப்பாடு ஆனதும் ஐந்தாம் மாடி நடைவழியில் நின்று, கீழே திடலைப் பார்த்து ஒரே மூச்சில் கத்துவார்: "முரளி வசந்தா சாந்தி குமார் கலா ரவி மீனா!" கார் நிறுத்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். போனிலும் அதே குரல்தான். ஹலோவும் கிடையாது, நலமா என்பதும் கிடையாது. எடுத்ததுமே, "அந்தத் துணிய உள்ள எடு, மழை வருது" என்று பாதியிலிருந்து தொடங்குவார்.

அந்தக் குரல் ஒன்பது வயதில் எனக்குப் பிடிபட்டது. ஒரு சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, நடைவழியில் நின்று ஏழு பெயரையும் அவரைப் போலவே கத்தினேன். அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார்கள். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்தால் அடுப்பில் பானைகூட இல்லை. என்னைத் துரத்தியவர்களை அம்மா ஈரத் தலையோடு வந்து தடுத்தார். "கொஞ்சம் இரு. மறுபடி ஒரு தடவ கத்து, நான் கேக்கணும்" என்றார். கத்தினேன். கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு அசிங்கமாவா கத்துறேன்?" என்றார். மறுநாளும் அதே போலத்தான் கத்தினார்.

பிறகு கை தேர்ந்தது, அதாவது தொண்டை தேர்ந்தது. பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தில் ஒரு நாள் பள்ளிக்கு நானே போன் செய்து, "மீனாவுக்கு வயித்து வலி டீச்சர்" என்று அம்மாவாகச் சொன்னேன். அந்த வாரமே டீச்சர் சந்தையில் அம்மாவைப் பார்த்துவிட்டார். நான் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன். "வயித்து வலி எப்படிம்மா இருக்கு?" என்று டீச்சர் கேட்டார். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இப்பத் தேவலாம் டீச்சர். கண்டதையும் தின்னா வலிக்காம என்ன செய்யும்?" என்றார். வீடு திரும்பிப் படியேறும்போதுதான் சொன்னார்: "வெளியாளுங்க முன்னாடி என் பிள்ளைய விட்டுக் குடுக்க மாட்டேன். வீட்டுக்குள்ள வா, குடுக்குறேன்."

கொடுத்தார்.

காலம் மாறியபோது அம்மா முதலில் சண்டை போட்டார், பிறகு அதில் ஏறி உட்கார்ந்தார். இதை நான் சும்மா சொல்லவில்லை. வசந்தா அக்காவைப் பதினாறு வயதில் தன்னோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றியவர் அவர்தான். கலா அக்கா காலேஜ் போக அடம்பிடித்தபோது இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் தன் ஒற்றைச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான். சாந்தி அக்கா மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இது" என்று கத்தினார். அடுத்த வருடம் தொழிற்சாலை மூடியது. ஐம்பது வயதில் அம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அதே மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குத் துப்புரவு வேலைக்குப் போனார். மழைக்கோட்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பது மூட்டை கட்டி வைத்தது போல இருக்கும். எல்லையில் விரல் வைக்கிற கருவி அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லையாம். சோப்பிலும் மெஷினிலும் ரேகை தேய்ந்துபோயிருந்தது. பின்னால் வரிசை ஹார்ன் அடிக்க, சாந்தி அக்கா பதறியிருக்கிறார். அம்மா சொன்னது இது: "ஏழு பேரு கன்னத்துல இருக்கு என் ரேகை. அங்க போய்ப் பாத்துக்கச் சொல்லு."

எதையும் இப்படிச் சமாளித்தவர் ஒன்றே ஒன்றில் இறுகிப்போனார்.

முரளி அண்ணன் தன்னோடு வேலை பார்த்த மெய் லிங்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவர் சீனப் பெண் என்பதற்காக அம்மா கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். அது பாதி. மறு பாதி, மூத்த மகனின் கல்யாணம் அவருக்கு பஸ்ஸில் இன்னொருத்தி வாயால் தெரிந்தது. அண்ணன் சொல்ல வந்தபோது அம்மா கதவில் கை வைத்து நின்றார். "இனி இந்தப் படி ஏறாத. சொன்னா சொன்னதுதான்" என்றார். அண்ணன் சிங்கப்பூரில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். நான்கு வருடம். பேரப்பிள்ளை பிறந்தபோதுகூடப் படம் வந்தது போனில்தான். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காது முரளி காது" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் சாப்பிடக் கூப்பிடும்போது அந்த வரிசை மாறவே இல்லை. "முரளி" என்றுதான் தொடங்கும். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்பார். அப்புறம்தான் வசந்தா, சாந்தி. அந்த ஒரு நொடிதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருடம் அம்மாவுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்தது. இன்னொன்று வந்தால் கஷ்டம் என்று டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார். அண்ணனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "வலின்னு சொல்லிக் கூப்பிட்டா அது பிச்சை. அவனா வரணும். நான் கூப்பிட மாட்டேன்" என்றார். அண்ணனோ, அம்மா கூப்பிடாமல் வர மாட்டேன் என்று வசந்தா அக்காவிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே காது. நடுவில் டாக்டர் சொன்ன சொல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, அம்மாவின் போனிலிருந்து அண்ணனை அழைத்தேன். எத்தனையோ பேரை ஏமாற்றிய எனக்கு அன்று வயிறு உண்மையாகவே வலித்தது.

"ஹலோ முரளி, அம்மாடா. நாளைக்கு ஆட்டுக்கறி வெக்கிறேன். வந்துட்டுப் போ. அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கம் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. பிறகு, "சரிம்மா."

மறுநாள் மதியம் கதவு தட்டப்பட்டது. அம்மாதான் திறந்தார். வாசலில் அண்ணன், அவர் தோளில் குழந்தை, பின்னால் பழக்கூடையோடு மெய் லிங் அண்ணி. அம்மாவின் கை கதவிலேயே இருந்தது. அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கதானம்மா கூப்பிட்டீங்க. ஆட்டுக்கறி வெக்கிறேன்னு."

அம்மாவின் தலை மெல்லத் திரும்பியது. என்னைப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் படியிறங்கிவிடுவார், இந்தப் பிறவியில் மறுபடி ஏற மாட்டார்.

"ஆமா, நான்தான் கூப்பிட்டேன்" என்றார் அம்மா. அப்புறம், தினமும் வருகிறவனைக் கேட்பது போல, "ஏண்டா லேட்டு?"

அண்ணன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஜாம்மா. பாலத்துல சரியான ஜாம்."

"நாலு வருசமாவா?"

"ஆமாம்மா."

"சரி, உள்ள வா." குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, அண்ணியிடம் மலாயில், "லிஃப்ட் வேலை செஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை என்று அண்ணி சிரித்தார். "அலமாக்! பிள்ளையத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடியா?" அவ்வளவுதான் சமாதானப் பேச்சுவார்த்தை.

அடுப்படியில்தான் எனக்குக் கச்சேரி. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "ஆட்டுக்கறியா சொன்ன? வீட்டுல நெத்திலியும் ரசமும்டி இருக்கு! முட்டைன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஓடு, கீழ மாமாக் கடைக்கு." பின்கதவு இல்லாத வீடு. பாத்திரத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, "தோழி வீட்டுக்குப் போறேன்" என்று அண்ணன் முன்னாலேயே நடந்து போனேன். அந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையிலிருந்து கறி வந்ததும் அம்மா அதைத் தன் சட்டியில் ஊற்றி, மேலே கொஞ்சம் கறிவேப்பிலையைத் தாளித்துப் போட்டு, புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்றவர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

அண்ணன் குனிந்தபடியே இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "உங்க கைப்பக்குவம் மாறவே இல்லம்மா" என்றார்.

"மாறாது" என்றார் அம்மா.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தார்கள். அம்மாவும் அண்ணியும் சந்தை மலாயில் பேசிச் சிரிப்பார்கள். அந்த போன் அழைப்பைப் பற்றி அம்மா என்னிடம் மறுபடி பேசவே இல்லை. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது சொன்னதுதான். அண்ணனை அவர் கூப்பிடவே இல்லை.

அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது காரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. "அண்ணே, அன்னைக்கு உங்களக் கூப்பிட்டது அம்மா இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"எடுத்ததுமே. அம்மா என்னைக்குடி ஹலோ சொல்லியிருக்காங்க?"

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கறி மாமாக் கடைதுன்னும் தெரியும். அம்மா வெச்ச கறியில என்னைக்கு அவ்வளவு கறி இருந்துச்சு?"

அதுவும் சரிதான். அரைக் கிலோ கறிக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கு போட்டு ஏழு பேரை வளர்த்தவர் அவர்.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு இருந்தேன். வாசல்ல நின்னப்ப, நான் கூப்பிடலையேன்னு அம்மா சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். அவங்க 'நான்தான் கூப்பிட்டேன்'னாங்க பாரு." நான் பேசாமலிருந்ததைப் பின்சீட்டில் இருந்த வசந்தா அக்கா பயந்துபோய்ப் பார்த்தார்.

பதினாறாம் நாள் உங்களில் பலர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நடைவழி வரை பாய் போட்டிருந்தது. அம்மாவின் படத்துக்கு முன்னால் படையல் வைத்து, மூத்த மகனுக்காகக் காத்திருந்தோம். தொடர் விடுமுறை, பாலம் முழுக்க வண்டி. ஐயர் இரண்டு முறை நேரம் பார்த்தார். பெரியவர் ஒருவர், "இன்னைக்குக்கூடவா?" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்போதுதான் அண்ணன் வியர்த்துக் கொட்டியபடி வாசலில் வந்து நின்றார். தோளில் குழந்தை. லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. எல்லாரும் அவரையே பார்க்க, அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. அடுப்படியிலிருந்து என் வாயில் வந்தது அம்மாவின் குரல்.

"ஏண்டா லேட்டு?"

கலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்.

"ஜாம்மா" என்றார். "சரியான ஜாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அம்மாவின் புடவைகளை அக்காமார் பிரித்துக்கொண்டார்கள். தலைக்கவசம் சாந்தி அக்காவிடம். கறிச்சட்டியை மெய் லிங் அண்ணி கேட்டு வாங்கிப் போனார். என்னிடம் இருப்பது அவருடைய குரல். அதை வைத்து இனி டீச்சரை ஏமாற்ற மாட்டேன், மட்டம் போட மாட்டேன். சோறு ஆறுகிறபோது மட்டும் ஐந்தாம் மாடி நடைவழியில் நின்று ஏழு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவேன். முரளி என்ற பெயருக்குப் பிறகு நிறுத்த மாட்டேன்.