தலைகீழ் ஏரி

காஞ்சிபுரத்தில் என் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தேன். எல்லோரும் நின்று பார்த்தது உத்திரமேரூர் ஏரியைத்தான். அந்தப் படத்தில் கரை மேலே தொங்கும், வானம் கீழே கிடக்கும். ஒரு சிறுமி படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே அதைப் பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது.

ஏழாம் வகுப்பில் ஷமீம் என் பக்கத்தில் உட்காருவாள். அவள் அத்தாவுக்குக் கடைத்தெருவில் செருப்புக்கடை. ஒரு சாயங்காலம் அந்த ஏரிக்கரையில் அவள் இப்படித்தான் குனிந்தாள்.

"நீயும் பாருடி. வானம் கீழ ஊத்திக்கினு கீது. யார்கிட்டயும் சொல்லாத."

நானும் குனிந்து பார்த்தேன். கொக்குகள் தண்ணீருக்கு அடியில் பறந்துகொண்டிருந்தன.

மறுநாள் அதையே வரைந்துகொண்டு வந்தாள். ஓவிய டீச்சர் என் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளுடையதை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படிடி இது தோணிச்சு?"

ஷமீம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "ஏரிக்கரைல இவ பாவாடையத் தூக்கிக்கினு கால் நடுவுல குனிஞ்சு பாத்தா, டீச்சர்."

பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் பாவாடையைத் தூக்கவேயில்லை. அது நான் சேர்த்தது.

ஷமீம் அழவில்லை. தாளை வாங்கி, கரை கீழே வரும்படி நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் வரைந்து நான் பார்த்ததில்லை.

கண்காட்சியில் அந்தச் சிறுமி நிமிர்ந்து என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, இப்படிப் பாக்க உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"யாருமில்லம்மா," என்றேன். "எனக்கே தோணிச்சு."