சுண்ணாம்பு அடித்த சூளை

சூளைக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பார்களா? எங்கள் கல்லூரியில் அடித்தோம். சட்டசபை உறுப்பினர்கள் பார்க்க வருகிறார்கள் என்று, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைத் துடைத்து வைப்பதுபோல, அதையும் வெள்ளை வெளேரென்று ஆக்கி வைத்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு நிலைப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் அப்போது பாதிப் பேருக்குப் பீங்கான்தான் சோறு போட்டது. தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கோப்பை, பொம்மை, மின்சார பியூஸுக்கான வெள்ளைக் கட்டை என்று எதையாவது பலகையில் அடுக்கிக் காயப்போட்டிருப்பார்கள். அந்தத் தொழிலையே படிப்பாகச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன அரசுக் கல்லூரி இருந்தது. வகுப்புகள் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். காலையில் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்களும் வந்து படிக்கட்டும் என்று யாரோ புண்ணியவான் செய்து வைத்த ஏற்பாடு. இல்லாதவனுக்கும் படிப்பு கிடைக்க வேண்டும் என்று அரசாங்கம் நினைத்த காலமும் ஒன்று இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அந்த மதிய நேர மணிதான்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு எந்தக் கவலையும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கம்மாபுரத்துக்காரன். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார். இவன் காலையில் ஒரு கோப்பைக் கம்பெனியில் மண் பிசைந்துவிட்டு, கணுக்காலில் வெள்ளை மண் காய்ந்திருக்க, நேராக வகுப்புக்கு வருவான். அந்தக் கூலியில்தான் அவன் படிப்பும், வீட்டில் பாதி அடுப்பும். எங்களில் கைவேலை சுத்தம் அவனுக்குத்தான். அவன் வார்த்த கோப்பையைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு சூளை. அதன் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அந்த வழியாகச் சூடு வெளியேறிவிடும். ஒரு பக்கம் வெந்தால் மறுபக்கம் வேகாது. சூளையைத் திறக்கும்போதெல்லாம் உடைந்ததையும் வேகாததையும் அள்ளி அள்ளிப் பின்பக்கம் கொட்டுவோம். கொட்டிக் கொட்டி அங்கே ஓர் உடைசல் மேடே உண்டாகியிருந்தது. சூளையைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் மேலே எழுதிக்கொண்டே இருந்தார். பதிலுக்கு வேறொரு சேதி வந்தது. கல்லூரிகளுக்கான மானியத்தைக் குறைக்கப் போகிறார்களாம், எங்கள் கடைசி வருட வகுப்பைச் சென்னைக்கு மாற்றப் போகிறார்களாம்.

நான் சென்னைக்குப் போய்விடுவேன். ரயில் பாஸ் இருக்கிறது, சித்தப்பா வீடு இருக்கிறது. கம்மாபுரத்துக்காரன் எங்கே போவான்? காலை வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. வகுப்பு ஊரில் இருந்தால்தான் அவனுக்குப் படிப்பு. இது அவனுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சட்டசபை உறுப்பினர்கள் சிலர் குழுவாக எங்கள் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார்கள். விரிவுரையாளர் அவர்கள் தங்கியிருந்த பங்களாவுக்கே நடையாய் நடந்து, கல்லூரிக்கு வந்து பார்க்கச் சம்மதம் வாங்கிவிட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. யார் பேசுவது என்று யோசிக்கவே இல்லை. கம்மாபுரத்துக்காரன்தான். சூளை வெடித்திருக்கிறது, அச்சு எடுக்கப் பிளாஸ்டர் இல்லை, வகுப்பை மாற்றாதீர்கள் என்று அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் வேப்ப மரத்தடியில் வைத்துப் பழக்கினோம். நானே சட்டசபை உறுப்பினராக நின்று கேள்வி கேட்டேன். தடுமாறாமல் பேசினான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அவன்தான் கூடையும் மண்வெட்டியுமாக உடைசல் மேட்டுக்குப் போனான்.

“அது கெடக்கட்டும்பா. அவங்க கண்ணுல படட்டுமே” என்றார் விரிவுரையாளர்.

“வேணாங்க சார். வர்றவங்க கண்ணுல ஒடைஞ்ச சாமானா படணும்? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. பீங்கான் ஊரில் வளர்ந்தவர்கள் வேறு எப்படி யோசிப்போம்? வெளியூர் வியாபாரி வருகிறார் என்றால் கம்பெனியில் முதல் வேலை உடைசலை அள்ளி மறைப்பதுதான். உடைசலைப் பார்த்தால் வியாபாரி அப்படியே திரும்பிப் போய்விடுவான். விற்கப் போகிறவனும் கேட்கப் போகிறவனும் ஒன்றல்ல என்று எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. மேட்டை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளினோம். சூளை வெடிப்பில் அவன் களிமண்ணைக் குழைத்துப் பூசினான், அதன்மேல் சுண்ணாம்பு அடித்தோம். தள்ளி நின்று பார்த்தான். “இப்பதான் பாக்கறாப்புல இருக்குது” என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வந்தார்கள். மேசை விரிப்பின்மேல், தேறியவற்றில் பொறுக்கி எடுத்த கோப்பைகளில் டீ கொடுத்தோம். குழுவில் மூத்தவர் நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே மாட்டேன். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார்.

“இதெல்லாம் இங்கயே செஞ்சதாப்பா?”

“ஆமாங்கய்யா” என்றான் கம்மாபுரத்துக்காரன்.

“சீமைச் சாமான் தோத்துப் போவும் போல இருக்குதே. சரி, உங்களுக்கு எதுனா கொறை இருக்குதா? சொல்லுங்க.”

அதற்காகத்தானே அவனை நிறுத்தியிருந்தோம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒருமுறை என்னைப் பார்த்தான், ஒருமுறை அவர் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தான்.

“ஒரு கொறையும் இல்லைங்கய்யா” என்றான்.

அவன் பயந்துவிட்டான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பயமெல்லாம் இல்லை. நம் இடத்துக்கு வந்து, நம் கையால் டீ வாங்கிக் குடிப்பவரிடம் எப்படிக் குறை சொல்வது? பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் வீட்டுக் கஷ்டத்தை யாராவது எடுத்து வைப்பார்களா? அவன் அம்மா அவனை அப்படி வளர்க்கவில்லை. எங்கள் யாரையுமே அப்படி வளர்க்கவில்லை. ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜீப் கிளம்பும்போது விரிவுரையாளர் ஓடிப்போய் மனுவை நீட்டினார். உடன் வந்த உதவியாளர் அதை வாங்கி, நாங்கள் பரிசாகக் கொடுத்த கோப்பைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெரியவர் எங்களை மறந்துவிடவில்லை. சபையில் எங்கள் கல்லூரியைப் பாராட்டிப் பேசினாராம். இருப்பதை வைத்துக்கொண்டே எவ்வளவு அருமையாக நடத்துகிறார்கள் என்றாராம். பேப்பரில் வந்திருந்ததை விரிவுரையாளர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு வெளியே போய் நெடுநேரம் நின்றார். மானியத்தைக் குறைத்தார்கள். வகுப்பைச் சென்னைக்கு மாற்றினார்கள்.

நான் ரயில் ஏறிய அன்று கம்மாபுரத்துக்காரன் வேலை முடிந்து நேராக ஜங்ஷனுக்கு வந்தான். “போயிட்டு வாடா. அடுத்த வருஷம் நானும் வந்துடறேன்” என்றான். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். வண்டி நகர்ந்ததும் கழிவறைக்குள் போய் அழுதேன்.

சட்டசபையில் உட்கார்ந்து கல்லூரிகளுக்கு இவ்வளவு போதும் என்று கை தூக்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களைப் பார்க்க வந்தால் சொல்லிவிட்டு வராதீர்கள். விரிப்பு போட்ட மேசைப் பக்கம் போகாதீர்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், ஆனால் குடித்துக்கொண்டே குறையைக் கேட்காதீர்கள். நேராகப் பின்பக்கம் போங்கள். சுவர் புதிதாக வெளுத்திருந்தால் விரலால் சுரண்டிப் பாருங்கள். சென்னைக்குப் போக முடிந்தவனுக்குக் கல்லூரி எங்கே இருந்தால் என்ன? போக முடியாதவனுக்காகத்தான் ஊரில் ஒன்று வேண்டும். அவன் வந்து உங்கள் கதவைத் தட்ட மாட்டான். நீங்களே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டான்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேறோர் ஊரில் அரசுக் கல்லூரி விரிவுரையாளன் ஆகியிருந்தேன். அங்கேயும் நிதியைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நாங்கள் சிலர் சென்னைக்குப் போய் உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசுவதென்று முடிவு செய்தோம். கம்மாபுரத்துக்காரனையும் அழைத்துப் போனால் நடந்ததை அவன் வாயாலேயே சொல்வான் என்று எனக்கு ஓர் ஆசை. தேடிக்கொண்டு விருத்தாசலம் போனேன். தொழிற்பேட்டையில் ஒரு பியூஸ் கட்டைக் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

“வாங்க சார்” என்றான்.

“என்னடா சாரு மோரு” என்றேன். சிரித்தான். அதற்குப் பிறகும் ‘டா’ போடவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“நான் வந்து யாருன்னு சொல்லிக்கறதுங்க? படிச்சு முடிச்சிருந்தாலாச்சும் ஒரு பேச்சு. நீங்க போயிட்டு வாங்க” என்றான். இன்னொரு கட்டையை எடுத்து அடுக்கிவிட்டு, “அவங்க உங்க காலேஜுக்கு வந்தாங்கன்னா மட்டும் ஒடைசல அள்ளாதீங்க. அப்படியே கெடக்கட்டும்” என்றான்.

கம்பெனிப் பையன் ஒருவனிடம் டீ வாங்கி வரச் சொன்னான். தூக்குப் பாத்திரத்தில் வந்தது. பக்கத்துக் கோப்பைக் கம்பெனியில் கழித்துப் போட்ட கோப்பைகள் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றைக் கிளறி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பழுதில்லாத ஒன்றைத் துண்டால் துடைத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தான். தனக்குக் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டான். அதில் விளிம்பிலிருந்து அடிவரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டான்.

“வூட்ல எல்லாம் எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

விரலிடுக்கில் டீ கசிந்து மணிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சூடு பட்டிருக்கும். அவன் கையை எடுக்கவில்லை.

“ஒரு கொறையும் இல்லைங்க” என்றான்.