டிரங்குப் பெட்டியில் வந்த சிப்பாய்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அப்பா எப்போதும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அமாவாசைக்கு அமாவாசை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெற்றி இருக்கும் இடம் பார்த்துக் குங்குமம் வைப்பாள். அது ஹெல்மெட்டின் மேல் விழும். சில மாதம் குறி தவறி மூக்கிலும் விழும்.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணத்துக்கு ஒரு லீவில் வந்தார், அந்த லீவு முடிந்து போனார், எல்லையில் நடந்த சண்டையில் செத்துப் போனார். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். உடல் வரவில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது. எங்கள் மலைக்கு மேலே பஸ் வராத காலம். அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகத் தூக்கி வந்தார்களாம். உள்ளே மடித்த சட்டைகள், ஒரு கம்பளி, சோப்பு டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வண்ணப் படம். ஹெல்மெட் போட்ட சிப்பாய், கையில் துப்பாக்கி, முதுகுக்குப் பின்னால் புகை.

வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் இந்த மலையில் யார் போட்டோ எடுத்தார்கள்? அப்பாவைப் பெற்றவள் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் பிள்ளை என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். படம் போடத் தெரிந்த சிநேகிதன் யாரோ பட்டாளத்தில் வரைந்து கொடுத்திருக்கிறான் என்று ஊரே பேசி முடிவு செய்தது. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு எடுத்துப் போனார்கள். பிரேம் போடுகிறவர் தன் சட்டத்துக்குப் பொருந்த மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டு, கண்ணாடி மாட்டிக் கொடுத்தார். அன்றையிலிருந்து படையல் அந்தப் படத்துக்குத்தான். சாமைச் சோறு, கோழிக் குழம்பு, பட்டாளத்துக்காரர் என்பதால் ஒரு டம்ளரில் ரம்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தால் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போவார்கள். கொடிக்கம்பத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, படத்தை வைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் எல்லோரும் சல்யூட் அடிப்போம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உறவுக்காரர்கள் என் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்பன் தாடை அப்படியே இருக்கிறது என்பார்கள். படத்தில் இருந்தவருக்குத் தாடையில் ஒரு குழி உண்டு. எனக்குக் கிடையாது. ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

வளர்ந்து நான் பிடித்த தொழிலும் போட்டோ தொழில்தான். ஜமுனாமரத்தூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் என் கடை. பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், செத்துப் போனவர்களின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது. ஆதார் கார்டில் இருக்கும் முகத்தை எடுத்துக் கோட்டு மாட்டிவிடுவேன், நரைத்த தலையைக் கறுப்பாக்குவேன். ஊரில் முக்கால்வாசி பேரின் முன்னோர் என் கம்ப்யூட்டரில் குளித்துத் தலைவாரிப் போனவர்கள்தான்.

போன மழைக்கு அப்பா படத்தின் பிரேமில் கரையான் ஏறிவிட்டது. ஸ்கேன் செய்து புதிதாக அச்சடித்து மாட்டலாம் என்று கடைக்குக் கொண்டு வந்தேன். மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றியபோதுதான், பொட்டு இல்லாமல் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். கண்கள் நீலமாக இருந்தன. பழைய மை, பரவியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காவலூர் வானாராய்ச்சி நிலையத்துக்கு ஏதோ வேலையாகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். சின்ன வயசுதான். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தவர் கேட்டார்: “அண்ணே, இந்த அட்டை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

அது எங்கப்பா என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, பழைய தமிழ் யுத்த காமிக்ஸ்களைச் சேர்க்கிறவர் தான் என்றும், இது அதில் ஒன்றின் அட்டை என்றும் சொன்னார். போனில் முழு அட்டையையும் காட்டினார். மேலே கதையின் தலைப்பு, கீழே விலை; அன்றைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாத எங்கள் ஊருக்காகப் பிரேம்காரர் நறுக்கிப் போட்டது இதைத்தான். நடுவில் அதே புகை, அதே தாடைக் குழி. ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட். தனி ஆளாகப் பாலத்தை உடைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் உயிரோடு வீடு திரும்புவானாம். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அவர் மேல் என்ன தப்பு? ஸ்கேனில் ஒரு காப்பி கேட்டார், கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இந்த மாதிரிப் பழைய ஓவியங்களை ‘வீரர்களுக்கு வணக்கம்’ என்று போட்டுக் காபிக் கோப்பை, காலண்டர், பனியன் எல்லாம் செய்து விற்கிறார்களாம். கோப்பையில் எங்கப்பா. பட்டாளத்தில் செத்தவருக்கு மரியாதை செய்ய, சாகாத ஒருவனைத்தான் இவர்களும் பிடித்திருக்கிறார்கள், எங்கள் ஊரைப் போலவே.

எனக்கு அப்பாவின் முகம் வேண்டும். இந்த வயதில் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, போட்டோ இல்லை. அவரைப் பார்த்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அம்மா. அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பல நாள் இருந்தேன். முடியவில்லை. ஒரு காலையில் வீட்டுக்குப் போய், படத்தில் இருப்பது அப்பா இல்லையாம் என்றேன்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“பொட்டி தொறந்த அன்னிக்கே தெரியும்டா. உங்கப்பன பெத்தவங்க அத்தக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறாங்க. நான் இன்னான்னு சொல்றது? புதுசா வந்த பொண்ணு.”

கோபம் வந்தது. கூடவே பெரிய நிம்மதி. இவளுக்குத் தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் உண்மையான முகம் இவளிடம் இருக்கிறது. அன்றைக்கே பைக்கில் உட்கார வைத்துக் கடைக்கு அழைத்து வந்தேன். கம்ப்யூட்டரில் என் போட்டோவைப் போட்டு, வயதைக் குறைத்து, மீசையைக் கறுப்பாக்கி, இதிலிருந்து சரி செய்து சொல்லு என்றேன். மூக்கைக் கூர்மையாக்கினேன். கன்னத்தை ஒட்ட வைத்தேன். காதைப் பெரிதாக்கினேன். அம்மா ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். இருக்கலாம் என்றாள். இன்னொன்றைக் காட்டினால் அதற்கும் இருக்கலாம் என்றாள். நான் விடவில்லை. கண்ணாவது எப்படி இருக்கும், அதையாவது சொல்லும்மா என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன்.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது.

“இத்தயே பாத்துப் பாத்து அவரு மூஞ்சி போய்ட்சிடா. கண்ண மூடினா இந்த ஆளுதான் வர்றான். எப்பப் போச்சுன்னுகூட எனக்குத் தெரியல.”

நான் செய்து வைத்திருந்த முகங்களை எல்லாம் அழித்தேன். ஜெராக்ஸுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள், அப்புறம் வரச் சொன்னேன். அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்தாள். பழைய படத்தையே மாட்டிவிடலாமா என்று கேட்டேன். மாட்டு, அமாவாசை வருகிறதே, சோற்றை எங்கே வைப்பது என்றாள். அதையே புதிதாக அச்சடித்து, புதுப் பிரேம் போட்டுக் கையில் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நான் செத்தா என் போட்டோவ இவன் பக்கத்துல மாட்டாதடா.”

புருஷன் படத்துக்குப் பக்கத்தில்தான் பெண்டாட்டி படத்தை மாட்டுவார்கள். அப்படி எத்தனையோ ஜோடிகளை நானே ஒரே பிரேமில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

“அப்ப எங்கம்மா மாட்டறது?”

யோசித்தாள். கடையைச் சுற்றி, டெலிவரிக்குக் காத்திருந்த படங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள்.

“தெரியலடா” என்றாள்.