நண்டு என்று சொன்ன காலை

காலை ஆறு நாற்பது. நேரம் உறுதியாகத் தெரியும். முறைத் தண்ணீர் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அப்போதுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு மதகை அடைத்துவிடுவார்கள். பிறகு நாலு நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். நட்டுப் பத்து நாள் ஆன வயல். வரப்பில் நண்டு வளை விழுந்து, ஏறிய தண்ணீரெல்லாம் பக்கத்து வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் பள்ளி ஆசிரியர். நன்னிலம் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தை விடுமுறை நாட்களில்தான் பார்க்கிறேன். அன்று சனிக்கிழமை. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகளும் கூட வந்திருந்தாள். அவளே குனிந்து, சேற்றை உருட்டி எடுத்து, முழங்கைவரை கையை வளைக்குள் விட்டாள்.

"ஸ்... ஏதோ கடிச்சிருச்சுப்பா."

கிட்டப் போய்ப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். நண்டின் கொடுக்கு இரண்டு பக்கமும் பிடிக்கும், அதனால் இரண்டு புள்ளி. எனக்கே எத்தனையோ தடவை கடித்திருக்கிறது. வயலில் இறங்குகிறவர்கள் யாரும் அதை ஒரு காயமாக எண்ணுவதில்லை.

"நண்டுதாம்மா. வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் போடு. நான் அடைச்சிட்டு வர்றேன்."

வளையை நன்றாக அடைத்தேன். வைக்கோல் திணித்து, களிமண் வைத்து, மேலே மிதித்தேன். உள்ளே என்ன இருந்ததோ அதையும் சேர்த்துத்தான் அடைத்தேன்.

என் மனைவி அப்போது முத்துப்பேட்டையில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க, பாப்பாவை என்னமோ கடிச்சுதாமே?"

"நண்டு. ஒண்ணுமில்ல. வரப்புல நிக்கிறேன், அப்புறம் பேசுறேன்."

வீட்டுக்குப் போகும்போது ஏழு முப்பத்தைந்து. மகள் கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. சீக்கிரம் எழுப்பிவிட்டோம், தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"அப்பா, ரெண்டு அப்பா தெரியுறீங்க," என்றாள். "ஒண்ணையே சமாளிக்க முடியல."

நாக்கு குழறியது. அவள் சிரிக்க முயன்றாள், உதடு சரியாக வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஒரே பார்வைதான் பார்த்தார். "என்ன சார் கடிச்சுது?"

"நண்டுன்னு..."

"நண்டு கடிச்சு யாருக்கு சார் கண்ணு சொருகியிருக்கு? பாடம் நடத்துற ஆளு நீங்க. தூக்குங்க. கையை அசைக்க விடாதீங்க."

அவர் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடித்தது எத்தனை மணிக்கு என்பது.

"ஆறு நாற்பது."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பதினைந்து. எழுதிக்கொண்டார். நல்ல பாம்பாகத்தான் இருக்கும் என்றார். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

பிறகு அவளிடம், "மூச்சு விடாம எண்ணும்மா. எவ்வளவு வருதோ அவ்வளவு," என்றார். பதினேழு வரை எண்ணினாள். அரை மணி கழித்து மறுபடி எண்ணச் சொன்னார்கள். பன்னிரண்டு.

"பத்துக்குக் கீழ போனா தொண்டையில குழாய் போட்டு மெஷின்லதான் மூச்சு கொடுக்கணும் சார். மருந்து கேக்குதான்னு பார்ப்போம்."

கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். நான் பாயை இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த எண்ணிக்கையை நின்று கேட்க என்னால் முடியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் திருச்சபையின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டேன். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன. சபையில் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "தைரியமா இருங்க தம்பி. இதுல கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும். சூனேமியப் பெண்ணை நினைச்சுக்குங்க."

இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் நான் நடத்தும் கதை அது. எலிசா தீர்க்கதரிசி காலத்தில், வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு மகன் பிறக்கிறான். வளர்ந்து, ஓர் அறுவடை நாளில் வயலுக்கு அப்பாவிடம் போனவன் தலை வலிக்கிறது என்கிறான். மதியம் அம்மாவின் மடியிலேயே செத்துப்போகிறான். அவள் அழாமல் கழுதையில் ஏறித் தீர்க்கதரிசியைத் தேடிப் போகிறாள். வழியில் கேட்டவர்களிடம் சுகம் என்றே சொல்கிறாள். அது எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். அவர்களும் கோரஸாகச் சொல்வார்கள்.

அந்தப் பெஞ்சில்தான் கதையில் இருந்த அப்பா ஞாபகத்துக்கு வந்தார். தலை வலிக்கிறது என்ற பிள்ளையை வேலைக்காரனிடம் கொடுத்து, அம்மாவிடம் கொண்டுபோ என்கிறார். அவ்வளவுதான். அறுப்பை விட்டு அவர் வீட்டுக்கு வந்ததாக எங்கேயும் இல்லை. இருபது வருடத்தில் அவரைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஒன்பதரைக்கு மனைவி மறுபடி கூப்பிட்டாள். "கை எப்படி இருக்கு? போன் எடுக்க மாட்டேங்குறா."

"பரவாயில்ல. தூங்குறா."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பெண் சுகம் என்று சொன்னது, வழியில் நின்று விசாரித்தவர்களிடம். ஒரு நிமிடம்கூட வீணாகாமல் ஓடிக்கொண்டிருந்தவள் அவள். தெரிய வேண்டிய ஆளிடம் போனதும் காலைக் கட்டிக்கொண்டு கொட்டிவிட்டாள். நான் தெரிய வேண்டிய ஆளிடமே மறைத்துவிட்டேன். விசுவாசத்தால் அல்ல, திட்டு வாங்கப் பயந்து.

பாய் வெளியே வந்தார். "பதினொண்ணு," என்றார். உடனே உள்ளே போய்விட்டார்.

அந்தச் சூனேமியப் பெண் காலடியில் கிடக்கும்போது தீர்க்கதரிசியே சொல்கிறார், இவளுக்கு என்ன துக்கம் என்று கர்த்தர் எனக்குத் தெரிவிக்கவில்லை என்று. அவ்வளவு பெரிய மனிதருக்கே தெரியவில்லை. எனக்கு அன்று பிடித்துக்கொள்ளக் கிடைத்தது அந்த ஓர் இடம்தான். நோக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அதன் பிறகு அவர் தன் தடியை வேலைக்காரனிடம் கொடுத்து முன்னால் அனுப்புகிறார். தடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்தும் சத்தமில்லை, அசைவில்லை. அவரே வந்து, கதவைச் சாத்தி, பிள்ளையின் மேல் உடம்போடு உடம்பாகப் படுத்த பிறகுதான் பிள்ளை தும்முகிறான், கண் திறக்கிறான். கைபேசியில் இன்னும் கும்பிட்ட கைகள் வந்துகொண்டிருந்தன. நானும் பாயை உள்ளே அனுப்பிவிட்டு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். "நண்டு இல்ல. நல்ல பாம்பு. பெரியாஸ்பத்திரில இருக்கோம். அப்பவே சொல்லியிருக்கணும்."

எதிர்முனையில் தொடர்பு அறுந்தது.

பத்தரைக்குப் பாய் மறுபடி வந்து, "பத்து," என்றார். அரை மணி கழித்தும் பத்து. ஜெபம் செய்ய வாயைத் திறந்தால் எண்கள்தான் வந்தன. எழுந்து கதவுவரை போனேன். கதவில் கை வைக்கவும் செய்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டுக்குப் பாயின் நடையே வேறாக இருந்தது. "பதினாலு சார்."

மனைவி ஒரு மணிக்கு மேல் வந்து சேர்ந்தாள். அண்ணன் மகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். என்னைப் பார்த்தாள். என் முழங்கால்வரை காய்ந்து வெடித்திருந்த சேற்றைப் பார்த்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். பாய் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவுக்கு உள்ளிருந்து எண்ணும் சத்தம் கேட்டது. இந்த முறை நான் காதைத் திருப்பவில்லை. இருபத்திரண்டில் நின்றது.

பத்து நிமிடம் கழித்து மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

"நண்டுன்னீங்க," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"அந்தக் காலைக் கழுவிட்டு உள்ள வாங்க. எத்தனை அப்பா தெரியுறீங்கன்னு அவ பார்க்கணுமாம்."