ஜெர்மன் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் மாமா ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். கூடம் என்று பெயர். இருந்தது ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மைக்ராஸ்கோப். அது ராயபுரத்தில் காலமான ஒரு டாக்டரின் வீட்டுச் சாமான்களோடு வந்தது. அதன் பித்தளைக் குழாயின் மேல், அதைச் செய்தவரின் பெயரும் ஊரும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு மாமா ஜெர்மனிக்குக் கடிதம் எழுத, செய்தவரின் கொள்ளுப்பேரனிடமிருந்து பதிலே வந்துவிட்டது. அதைச் சட்டம் போட்டு மாட்டி, ரத்தம் கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துத் தமிழில் படித்துக் காட்டுவார். கண்ணாடி தேய்க்கும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, சொந்தப் பட்டறை கண்டவராம் அந்தக் கொள்ளுத்தாத்தா. ஒவ்வொரு லென்ஸையும் தானே பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் எண் போடுவாராம். லென்ஸுக்குள்ளே கண்ணாடிகளை மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார், ஸ்பிரிட் படவே கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூடக் காதில் வாங்கியதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கும் வேலை என்னிடம் வந்தது. "கால்ல மட்டும் வை கண்ணு, கண்ணாடில கை வெக்காத" என்று சொல்லிவிட்டு மாமா மாலை வாங்கப் போனார். ஸ்கூட்டருக்கு நெற்றியில் பொட்டு, இதற்கு மட்டும் காலிலா? எனக்கு மனம் ஒப்பவில்லை. ரத்தத்தைப் பார்ப்பதே அடியில் இருக்கும் சின்ன லென்ஸ்தானே என்று அதற்கே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஊசி குத்தும் முன் கையைத் துடைக்கும் ஸ்பிரிட் ஞாபகம் வந்தது. லென்ஸைத் திருகிக் கழற்றி, ஒரு மூடியில் ஸ்பிரிட் ஊற்றி, அதில் ஊறப்போட்டு ஒளித்துவைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள் என்பது வசதியாகப் போயிற்று. காலையில் முதல் ஆளாக ஓடிப்போய் மாட்டிவிட்டேன். வெளியே பளிச்சென்றுதான் இருந்தது.

சற்று நேரத்தில் காத்திவாக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெண், காய்ச்சலில் துவண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மாமா ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே, மலேரியாவா?"

"ஒண்ணும் தெரியலமா. மிஷின் பேஜார் பண்ணுது. நிக்காத, புள்ளய பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். மலேரியாதான் என்றும், பையன் பிழைத்துக்கொண்டான் என்றும் பிறகு தெரிந்தது.

மாமா லென்ஸைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். திருகு மரையில் ஒட்டியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினார். என்ன ஆயிற்று என்று அம்மா வந்து கேட்டாள்.

"வயசாயி கீதுக்கா. பிசின் தானா வுட்டுக்கிச்சு" என்றார்.

அந்த மாதிரி லென்ஸ் இப்போது யாரும் செய்வதில்லை என்று ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. புதிது வாங்க வழியில்லை. கூடத்தை மூடிவிட்டு, மாமா மணலி புதுநகரில் இன்னொருவரின் லேபில் சம்பளத்துக்குப் போனார்.

லென்ஸை முகர்ந்து பார்த்த அன்று காலை அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கேட்டால் சொல்வதற்கு "நான் தொடவே இல்ல மாமா" என்று தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையில்லாமல் போனதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தெருவில் போய்ப் பாண்டி ஆடினேன். அந்தப் பொய்யை நான் சொல்ல வேண்டி வரக்கூடாது என்றுதான் அவர் கேட்காமலே விட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.