பரிசாக விழுந்த எங்கள் கடற்கரை

"உன்னைய உள்ள விடுவான்னு நெனைக்கிறியா? மீன் கூடைய எங்கடி வச்சிட்டு வந்தேன்னு கேப்பான்" என்றாள் அம்மா, நான் கடற்கரை விடுதிக் குடிலில் தங்கப் போகிறேன் என்றதும்.

மதுரையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்த பரிசு அது. 'மனித நடமாட்டமே இல்லாத தீவுக் கடற்கரையில் இரண்டு நாள்.' உறையைப் பிரித்தால், எங்கள் தங்கச்சிமடத்து வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கே நடமாடும் அத்தனை பேரும் எனக்கு மாமன், சித்தப்பா முறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவளும் பட்டம் வாங்கியவளும் நான் ஒருத்திதான். கடலை விருந்தாளியாகப் பார்க்கும் முதல் ஆளாகவும் இருந்துவிடுவோமே என்று கிளம்பினேன்.

வாசலில், நயினார்கோவில் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த காவலாளி அண்ணன், "வேலைக்குன்னா பின்வாசல்மா" என்றார். அம்மா ஜெயித்துவிட்டாள். பரிசுக் கடிதத்தை நீட்டியதும் 'மேடம்' ஆனேன். கையில் இளநீர் வந்தது.

குடில் அழகாகத்தான் இருந்தது. குளியலறைக்குக் கூரை இல்லை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வறுமை. கிழிந்த வலை ஒன்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மேலாளர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "காலையில கரைவலை இழுக்க வருவாங்க மேடம், கொஞ்சம் சத்தமா இருக்கும். அடுத்த வாரம் வேலி போட்டுருவோம். அப்புறம் தொல்லை இல்ல."

அந்தத் தொல்லை என்னைப் பெற்ற அய்யா. கரைவலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கடலடி முழுக்கப் பாறை, வலை கிழிந்துவிடும். மணல் தரை இந்த ஒரு துண்டுதான். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். காவலாளி விசிலோடு ஓடினார். "இங்கன இழுக்கக் கூடாது! கெஸ்ட்டெல்லாம் தூங்குறாக!"

"நீங்க தூங்க வைங்க தம்பி, நாங்க மீன் பிடிக்கிறோம்" என்றார் அய்யா.

காவலாளி கயிற்றைப் பிடுங்கப் பாய்ந்தார். மறுமுனையில் பாதிக் கடல் இருப்பது வயல்காட்டு மனிதருக்குத் தெரியாது. கயிறு அவரை இழுத்தது. விட்டால் மானம் போகும் என்று அவரும் விடவில்லை.

"நல்லாத்தான இழுக்குறாரு!" என்றாள் ஒரு சித்தி.

நான் குடிலில் கொடுத்த வெள்ளை அங்கியோடு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"ஏலே, அங்கன யாரு, சாமியாரா?" என்றார் அய்யா.

"நாந்தான்யா."

"விருந்தாளிக்கு ஒறக்கம் வரலையோ?"

வலை கரையேறியது. கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு உண்டு. எதற்காகக் கை வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அய்யா இரண்டு கை சாளை மீனை அள்ளிக் காவலாளியிடம் நீட்டினார்.

"நான் தடுக்கத்தாங்க பிடிச்சேன்!"

"பிடிச்சீகள்ல? வாங்கிக்கங்க."

அவர் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மேலாளர் வந்து "என்னய்யா அது?" என்றபோது, "பங்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

வேலி விஷயத்தை அய்யாவிடம் சொன்னேன். "அடுத்த புயல்ல போயிரும்" என்று சிரித்தார். சிமெண்ட் தூண்கள் வந்து இறங்கியிருப்பதைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"கரை யாருதுன்னு எங்கிட்டாவது எழுதி வச்சிருப்பாகல்ல?" என்றார்.

"இருக்கும்யா. கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

காலைச் சாப்பாட்டை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடற்கரை யார் பெயரில் இருக்கிறது, வேலிக்கு அனுமதி கொடுத்தது யார், அந்த அனுமதியின் நகல் எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள். குடிலில் இலவசமாக வைத்திருந்த பேனா. அவர்களுடைய தாள், விடுதிப் பெயர் அச்சடித்த தலைப்பை மட்டும் கிழித்துவிட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். ரசீது என் பையில் இருக்கிறது.