தோற்றவருக்கு முதல் இலை

அந்த இலையை மட்டும் நான் தனியாகத்தான் போடுவேன். மற்ற இலைகள் வரிசையாகக் கிடக்கும். இது வரிசைக்கு முன்னால், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், ஒற்றையாக. கிழிசல் இல்லாத தலைவாழை இலையாகப் பார்த்து, தண்ணீர் தெளித்து இரண்டு முறை துடைத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் யாரோ பெரிய மனிதருக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய மனிதருக்கு இல்லை. அந்த வருஷம் தோற்றவருக்கு.

ரங்கூனில் ஓர் அரிசிக் கிடங்குக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் குத்துச்சண்டைக் கூடம் வைத்திருந்தார். தமிழர், பர்மாக்காரர், பாய்மார் எல்லோரும் வந்து பழகுவார்கள். எல்லோருக்கும் அவர் ‘சயா’. பர்மாப் பேச்சில் வாத்தியார் என்று அர்த்தம். பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவும் நம்முடைய சித்திரை ஒன்றும் ஒட்டியே வரும். அன்றைக்குக் கூடத்தில் விருந்து. கல்யாணமான வருஷத்திலிருந்து சமையல் என் கை. என் கைச் சமையலைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்ந்த ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் பெரிதாக அடி வாங்கி விழுந்தவர் முதல் இலையில் உட்கார வேண்டும். எப்படி விழுந்தேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடித்தவர் வந்து அவருக்கு முதல் வாய் ஊட்டுவார். சொல்லிவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தோல்வியை எடுத்து யாரும் பேசக்கூடாது. விழுந்தவரே கூட அதை நினைத்துக்கொண்டு திரியக்கூடாது. இலை யாருக்கு என்று சொல்கிற உரிமை சமைத்தவளுக்கு. ஆறடி ஆண்கள் எல்லாம் நான் யார் பக்கம் கை காட்டுவேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வாய் என்பது ஓர் உருண்டை. மாவுக்குள் வெல்லத்துண்டு வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மிதந்ததும் எடுத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டுவது. ஆளுக்கு ஒன்று. அதில் ஒரே ஓர் உருண்டைக்குள் மட்டும் வெல்லத்துக்குப் பதிலாக ஊசிமிளகாய் இருக்கும். அது பர்மாக்காரர்களின் விளையாட்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். யாருக்கு மிளகாய் விழுந்ததோ அவர் துள்ளுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசி உருண்டை எனக்கு. பரிமாறுகிறவள் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்.

பிறகு, அறுபதுகளில் பட்டாளத்து ஆட்சி வந்ததும், நம்மவர்கள் அங்கே இருக்க முடியாமல் போனது. கப்பலேறி மதராசுக்கு வந்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, இடுப்பில் மகள், ஒரு ஜோடி கையுறை. அடையாற்றங்கரையில் குடிசை போட்டோம். கையுறையைக் கூரைக்கழியில் மாட்டினார்; அதன்பின் அதை எடுக்கவில்லை. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவருக்கு வாசல் காவலாளி வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சலாம் வைக்க வேண்டும். அந்தக் கை மாலுமி ஒருத்தனை இரண்டாம் சுற்றில் படுக்கவைத்த கை. நான் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன்.

கூடத்து ஆட்கள் ஒவ்வொருவராக எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கிண்டியில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். இன்னொருவர் ஈக்காட்டுத்தாங்கலில் கடைசல் பட்டறையில். மற்றவர்கள் அங்கங்கே மூட்டை தூக்கினார்கள். முதல் சித்திரைக்கு ஏழு பேர் வந்தார்கள். குடிசைக்கு வெளியே கீற்றுப்பந்தல் போட்டு விருந்து வைத்தேன். இறைத்து விளையாட மதராசில் தண்ணீர் ஏது? லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துவைத்து, வேப்பிலைக் கொத்தில் தொட்டு ஆளுக்கு நாலு சொட்டுத் தெளித்தோம். அதுதான் எங்கள் தண்ணீர்த் திருவிழா.

இங்கே யாருக்கும் சண்டை கிடையாது. அப்புறம் எந்தத் தோல்வியைச் சொல்வது? வாழ்க்கையில் விழுந்ததைச் சொன்னார்கள். அடித்தவர் என்று ஒருவர் எதிரே இல்லாததால் சயாவே ஊட்டினார். ஒரு வருஷம் லாயக்காரர் உட்கார்ந்து, “குருத உதைச்சிச்சு சயா. மூணு நாளு குந்த முடியல. குருதக்கு இன்னா கையுறையா, சுற்றா, மணியா?” என்றார். பந்தலே சிரித்தது. இன்னொரு வருஷம் ஒருவர் பெண்டாட்டி செத்ததைச் சொன்னார். சொல்லி, முதல் வாய் வாங்கிக்கொண்டு, எழுந்து போகும்போது அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி. முகூர்த்த மாதம், கடையில் கூட்டம். கடை வாசலுக்கு எதிரே பூ விற்கிற அம்மாள் எங்கள் ஆற்றங்கரைக்காரிதான். சாயங்காலம் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“யம்மா, ஒன் வூட்டுக்காரரு சொன்னாரா? பட்டுப்பொடவ ஒண்ணு காணோம்னு மேனேஜரு இவரு கன்னத்துலயே வுட்டான்மா. அத்தினி பேரு பாத்துகினு கீறாங்க. அப்பால பொடவ உள்ளாறயே கெடந்துச்சாம். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? கீழ வுழுந்த தொப்பிய எடுத்து தூசி தட்டி மாட்டிகினாரு. அடுத்து வந்த காருக்கு கதவ தொறந்துவுட்டாரு.”

அவர் வந்ததும் கேட்டேன். கால் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். “கை எழும்பலை. எழும்பியிருந்தா அவன் எந்திரிச்சிருக்க மாட்டான். உனக்கும் பொண்ணுக்கும் அப்புறம் யாரு?” சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சித்திரைக்குச் சொல்லிடறேன். முதல் இலையை எனக்குப் போடு” என்றார்.

“உங்களுக்கா? உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டவங்க முன்னாடியா?”

“அவங்க முன்னாடிதான் சொல்லணும். வேற யாருகிட்ட சொல்றது?”

“நான் உயிரோட இருக்கிறவரைக்கும் என் கையால அந்த இலை உங்களுக்கு விழாது” என்றேன். சித்திரைக்கு இருந்த பதினைந்து நாளும் அவர் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

சித்திரை ஒன்று வந்தது. உச்சி வெயில், பந்தலுக்குள்ளும் அனல். அந்த வருஷம் ஐந்து பேர்தான். முதல் இலையைப் போட்டுத் துடைத்து நிமிர்ந்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இலையை நோக்கி வந்துவிட்டார். நான் ஒருதடவை முறைத்தேன். நிற்கவில்லை. உட்கார முழங்காலை மடித்தார் என்றே சொல்ல வேண்டும். அதற்குள் நான் கடைசல் பட்டறைக்காரரைப் பார்த்து, “தம்பி, இந்த வருஷம் உனக்குத்தானே வேலை போச்சு? வா, வந்து உட்காரு” என்று சத்தமாகச் சொன்னேன்.

வழக்கத்தை மீற அவரே வழி வைக்கவில்லை. சமைத்தவள் சொன்னால் சொன்னதுதான். மடித்த முழங்காலை மெல்ல நிமிர்த்தினார். ஏதோ இலையைச் சரியாகப் போட வந்தவர் போல, அதன் நுனியை ஒரு விரலால் நகர்த்திவிட்டு விலகிக்கொண்டார். பட்டறைக்காரர் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். சயா ஊட்டினார். மற்றவர்கள் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவரும் கடைசி இலையில் உட்கார்ந்தார். ஆளுக்கோர் உருண்டை வைத்துக்கொண்டே போனேன்.

அவர் உருண்டையை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு சொட்டு இல்லை, தாரையாக. லாயக்காரர் இலையைத் தட்டிச் சிரித்தார்.

“இன்னா சயா! ஊசி மொளகாக்கே இப்டி அழுதுகினு கீறீங்க? ரங்கூன்ல மூக்கு ஒடஞ்சப்போ கூட அழல நீங்க!”

“உங்க அக்கா காரமான மிளகாயாப் பார்த்துப் போட்டிருக்கா” என்றார் அவர், கையை மூஞ்சியில் வைத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கௌரவத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட இருந்தது.

வெயில் தாழ எல்லோரும் போய்விட்டார்கள். அவர் ஆற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். நான் பாத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அடியில் எனக்கென்று இருந்த கடைசி உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

அதற்குள் மிளகாய் இருந்தது.

நான் வைத்தது ஒன்றே ஒன்று. நாக்கு எரிந்து காது அடைத்தது. துப்பவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. முழுவதையும் மென்று விழுங்கிவிட்டு, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். போகவில்லை. அப்போதும் எனக்கு அந்த வீம்பு.

மறுவருஷம், “இனிமே முதல் இலை வேணாம். சும்மா சாப்பிட்டுப் போகட்டும்” என்றார். இலை நின்றதும் ஆட்கள் வருவதும் குறைந்து, பிறகு நின்றே போனது. அதே கடை வாசலில், அதே மேனேஜருக்குச் சலாம் வைத்து இன்னும் நாலு வருஷம் நின்றார். பிறகு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். “இலை போடறேன். அந்தக் கடையில நடந்ததைச் சொல்லிடுங்க. நான் கேட்டுக்கறேன்.”

என் கண்ணை நேராகப் பார்த்தார். “எந்தக் கடையில?” என்றார். மறதி இல்லை அது. எனக்கு அந்தக் கதவைத் திறக்க அவருக்கு மனமில்லை. அதே படுக்கையில் போய்விட்டார்.

இப்போது கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இந்தச் சித்திரைக்குக் கடையில் தலைவாழை இலை வாங்கிவரச் சொன்னேன்; நாலைந்து உருண்டையும் செய்துவைத்தேன். இரண்டு தரம் துடைத்து, நடுக்கூடத்தில் ஒற்றையாகப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நானே உட்கார்ந்தேன். “யாருக்கும்மா இது?” என்றாள் மகள். எனக்கு என்றேன். இத்தனை வருஷமாக அவளிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு வழக்கப்படி ஓர் உருண்டையை எடுத்து என் வாயருகே நீட்டினாள்.

என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஊட்ட வேண்டிய கை அது இல்லையே. அவள் உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அந்த இலையை மடிக்காமல், அது ஓரம் சுருண்டு காய்கிறவரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.